அரசு நிதியில் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படங்களுக்கு நிதித் திட்டமும் விண்ணப்பமும் எழுதித் தருவது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் எந்த நாட்டின் நிதி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பலவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே நினைப்பு: தேர்வாகிவிட்டால் பணம் மொத்தமாக வந்து இறங்கிவிடும். அப்படி இறங்காது. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் நடப்பு விதிகளைப் படித்துவிடுங்கள்.

அரசு நிறுவனம் பணம் கொடுத்தால் அது அரசாங்கப் படம்தானே?

இல்லை. பெரும்பாலான நாடுகளில் இந்த நிறுவனங்கள் படம் எடுப்பதே இல்லை. தனியார் தயாரிப்பாளர் ஒருவர் எடுக்கிறார், நிறுவனம் அவருடைய பட்ஜெட்டில் ஒரு பங்கைத் தருகிறது. படத்தின் உரிமை தயாரிப்பாளரிடமே இருக்கும். பிரான்சில் 1946 முதல் இயங்கும் சி.என்.சி., பிரிட்டனின் பி.எஃப்.ஐ., கனடாவின் டெலிஃபிலிம், தென் கொரியாவின் கோஃபிக் எல்லாம் முதன்மையாக இந்த வகைதான்.

இந்தியாவின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் சற்று வேறு மாதிரி. கடன் கொடுத்திருக்கிறது, கூட்டுத் தயாரிப்பில் இறங்கியிருக்கிறது, முழுத் தயாரிப்பாளராகவும் நின்றிருக்கிறது. சிறந்த படத்துக்கான தேசிய விருதை முதன்முதலில் தமிழுக்குக் கொண்டுவந்த 'மறுபக்கம்' அதன் தயாரிப்பு. அதைக்கூட யாரும் அரசாங்கப் படம் என்று சொல்வதில்லை, கே.எஸ். சேதுமாதவன் படம் என்றுதான் சொல்கிறோம்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? என் வரிப்பணமா?

சில இடங்களில் ஆம், சில இடங்களில் துளியும் இல்லை. பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டின் விலையிலும் 10.72 விழுக்காடு சி.என்.சி.க்குப் போகிறது. தொலைக்காட்சி நிறுவனங்களும் இணையத் தளங்களும் தனியே செலுத்துகின்றன. இதில் ஓர் அழகான தந்திரம் உண்டு. டிக்கெட் ஹாலிவுட் படத்துக்கு விற்றாலும் அந்தப் பங்கு பிடிக்கப்படும். ஆக, பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கப் படம் பார்க்கப் பார்க்கப் பிரெஞ்சுப் படங்களுக்கான பணம் சேர்கிறது.

தென் கொரியா 2007 முதல் டிக்கெட்டில் 3 விழுக்காடு பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. போலந்து 2005 சட்டத்தின் மூலம் திரையரங்குகள், தொலைக்காட்சிகள், விநியோகஸ்தர்கள் ஆகியோரின் வருமானத்திலிருந்து 1.5 விழுக்காட்டை வாங்கத் தொடங்கியது. பிரிட்டனில் பி.எஃப்.ஐ. கொடுக்கும் தயாரிப்பு நிதி தேசிய லாட்டரியிலிருந்து வருவது. இந்தியாவில் மத்திய அரசின் பட்ஜெட் ஒதுக்கீடு.

மூலத்தைப் பொறுத்து நிறுவனத்தின் குணமும் மாறும். டிக்கெட்டிலிருந்து பணம் வந்தால், திரையரங்கு உரிமையாளர்கள் "எங்களிடம் பிடித்த பணத்தில் எங்கள் திரையில் ஓடாத படங்களை எடுக்கிறீர்களே" என்பார்கள். அரசு ஒதுக்கீடு என்றால் ஒவ்வோர் ஆண்டும் நிதி அமைச்சகத்தின் முன் கை கட்டி நிற்க வேண்டும். எனக்குப் பிடித்தது முதல் வகை. கோபம் கொள்கிறவர்களாவது சினிமாவைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

இது மானியமா, கடனா? திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

மூன்று வகை உண்டு. திரைக்கதை எழுதவும் மெருகேற்றவும் தரும் சிறு தொகை பெரும்பாலும் மானியம், அல்லது படம் எடுக்கப்பட்டால் மட்டும் திருப்பித் தர வேண்டியது. தயாரிப்புக்குத் தரும் பெரிய தொகை பல நாடுகளில் 'வசூலின் மீதான முன்பணம்'. அதாவது படம் சம்பாதித்தால் அந்தச் சம்பாத்தியத்திலிருந்து திருப்பித் தர வேண்டும், சம்பாதிக்காவிட்டால் வீட்டை விற்று அடைக்க வேண்டியதில்லை. பிரான்ஸ் 1959இல் தொடங்கிய முறை இது. மூன்றாவது வகை வட்டியும் ஈடும் கேட்கும் உண்மையான கடன்.

இந்தியாவில் 1960இல் தொடங்கப்பட்ட திரைப்பட நிதிக் கழகம் கடன் கொடுக்கும் அமைப்பாகத்தான் பிறந்தது. 1960களின் பிற்பகுதியில் அது குறைந்த செலவில் படமெடுக்கும் புதிய இயக்குநர்களுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியது. கலை வளர்ந்தது, பணம் திரும்பவில்லை. 1976இல் நாடாளுமன்றத்தின் பொதுத்துறை நிறுவனங்கள் குழு அதைக் கடுமையாக விமர்சித்தது. வங்கியைப் போல வசூலிக்கவும் வேண்டும், வங்கி கொடுக்காத படத்துக்குக் கொடுக்கவும் வேண்டும் என்றால் யாராலும் முடியாது. 1975இல் அமைக்கப்பட்ட தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் அந்தக் கழகம் 1980இல் இணைக்கப்பட்டது.

என்னிடம் அருமையான கதை இருக்கிறது. நேராகக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

திரைக்கதை எழுதுவதற்கான உதவிக்குப் பல நிறுவனங்களில் எழுத்தாளர் தனியாகவே விண்ணப்பிக்கலாம். தயாரிப்பு நிதி என்றால் பொதுவாக அந்த நாட்டில் பதிவான தயாரிப்பு நிறுவனம் ஒன்று வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கணக்குக் காட்டி, ஏதாவது நடந்தால் பதில் சொல்ல ஒரு சட்டபூர்வமான ஆள் அவர்களுக்குத் தேவை.

விண்ணப்பக் கட்டில் திரைக்கதை, சுருக்கம், இயக்குநரின் குறிப்பு, பட்ஜெட், நிதித் திட்டம், கால அட்டவணை, உரிமை ஆவணங்கள் இருக்கும். எல்லோரும் இயக்குநரின் குறிப்பில் வாரக்கணக்கில் உழைத்துவிட்டு உரிமை ஆவணங்களை முந்தின இரவு தேடுவார்கள். நாவலைத் தழுவிய கதை என்றால் நாவலாசிரியரிடமிருந்து எழுத்தில் உரிமை பெற்றிருக்க வேண்டும். நண்பருடன் சேர்ந்து எழுதியது என்றால் அந்த நண்பரின் கையெழுத்து வேண்டும், நட்பு முறிவதற்குள். கதையின் முதல் சொந்தக்காரரிலிருந்து உங்கள் நிறுவனம்வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். ஒரு கண்ணி விட்டிருந்தாலும், தேர்வான பிறகுகூட ஒப்பந்தம் அங்கேயே நின்றுவிடும்.

யார் படித்து முடிவெடுக்கிறார்கள்? கூடி உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்களா?

முதலில் அலுவலர்கள் தகுதி பார்ப்பார்கள்: தாள்கள் முழுமையா, நிறுவனம் பதிவானதா, பட்ஜெட் கூட்டல் சரியா. பிறகு வெளி வாசகர்கள் திரைக்கதையைப் படித்து அறிக்கை எழுதுவார்கள். அதன்பின் குழு கூடும். குழுவில் பெரும்பாலும் இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள், எழுத்தாளர்கள், விநியோகஸ்தர்கள் இருப்பார்கள். சில இடங்களில் விண்ணப்பித்தவரையும் அழைத்து நேரில் பேசச் சொல்வார்கள்.

டென்மார்க்கில் வேறு பழக்கம். அங்கே குழுவுக்குப் பதிலாகத் திரைப்பட ஆலோசகர் என்ற தனிமனிதர் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் வழி ஒன்று இருக்கிறது. அவரைச் சில ஆண்டுகளுக்கு மட்டும் நியமிப்பார்கள், பிறகு வேறொருவர். குழுவில் எல்லோருக்கும் ஓரளவு பிடித்த படம் தேறும், ஒருவருக்கு மிகவும் பிடித்து மற்றவர்களுக்குப் பிடிக்காத படம் விழுந்துவிடும். தனி ஆலோசகர் முறையில் அந்த இரண்டாவது வகைப் படத்துக்கும் வாழ்வு உண்டு. ஆனால் அவருடைய ரசனை உங்களுடையதுடன் ஒத்துவராவிட்டால் அவருடைய பதவிக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் சந்தை வாய்ப்பை அதிகம் பார்க்கும் இன்னொரு வழியையும் டென்மார்க் வைத்திருக்கிறது.

எந்தக் குழுவுமே தேர்ந்தெடுக்காத முறையும் உண்டு. பிரான்சில் ஒரு படம் டிக்கெட் விற்க விற்க, அதன் தயாரிப்பாளர் பெயரில் சி.என்.சி.யில் ஒரு தொகை சேரும். அடுத்த படத்தில் முதலீடு செய்ய மட்டும் அதை எடுக்கலாம். 'தானியங்கி உதவி' என்பது அதுதான். முதல் படம் எடுக்கிறவருக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் இருக்காது, அவர் குழுவின் வாசலுக்குத்தான் வர வேண்டும்.

முழுப் பட்ஜெட்டையும் கொடுத்துவிடுவார்களா?

மிக அரிது. ஐரோப்பிய ஆணையத்தின் 2013 விதிப்படி, ஒரு படத்துக்குக் கிடைக்கும் எல்லா அரசு உதவிகளும் சேர்ந்து பட்ஜெட்டில் பாதியைத் தாண்டக் கூடாது. பல உறுப்பு நாடுகள் சேர்ந்து எடுத்தால் 60 விழுக்காடு. முதல் படம், குறும்படம், மிகச் சிறிய பட்ஜெட் படம் போன்று சந்தையில் பணம் திரட்டக் கடினமானவற்றுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது.

எனவே நிறுவனம் உங்களிடம் முதலில் பார்ப்பது "மீதிப் பணம் எங்கே" என்பதைத்தான். தொலைக்காட்சியின் முன்விற்பனை, விநியோகஸ்தரின் முன்பணம், தனியார் முதலீடு, வரிச் சலுகை, உங்கள் சம்பளத்தில் நீங்களே விட்டுக்கொடுக்கும் பகுதி என்று நிதித் திட்டத்தில் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உறுதி' அல்லது 'பேச்சில்' என்று எழுதியிருக்கும். எல்லாமே 'பேச்சில்' என்றிருந்தால் குழு நம்பாது. அதே சமயம், நிறுவனம் சரி என்ற பிறகுதான் மற்றவர்களும் சரி என்பார்கள். யார் முதலில் சரி என்பது என்ற இந்தச் சுற்றை உடைப்பதுதான் தயாரிப்பாளரின் உண்மையான வேலை. நிறுவனம் தரும் தொகையைவிட, அதன் பெயர் மற்றவர்களுக்குத் தரும் தைரியம் பல படங்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது.

ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. படப்பிடிப்பைத் தொடங்கிவிடலாமா?

தொடங்காதீர்கள். கடிதம் நிபந்தனையுடன் வருவது. "மற்ற நிதி இத்தனை மாதத்துக்குள் உறுதியானால், உரிமை ஆவணங்கள் சரியாக இருந்தால், பட்ஜெட்டை எங்கள் தயாரிப்புப் பிரிவு ஏற்றுக்கொண்டால்" என்று அதில் எழுதியிருக்கும். இதெல்லாம் நிறைவேறிய பிறகுதான் ஒப்பந்தம். பல நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பு செய்த செலவை ஏற்பதில்லை, முன்பே படப்பிடிப்பைத் தொடங்கிய படத்தைத் தகுதியிழந்ததாகவே கருதும் நிறுவனங்களும் உண்டு.

ஒப்பந்தத்துக்குப் பிறகும் பணம் தவணையாகத்தான் வரும்: கையெழுத்தின்போது ஒரு பகுதி, படப்பிடிப்பு தொடங்கும்போது பெரிய பகுதி, முதல்கட்டப் படத்தொகுப்பைப் பார்த்தபின் ஒரு பகுதி, கடைசித் தவணை முடித்த பிரதியையும் தணிக்கை செய்த செலவுக் கணக்கையும் ஒப்படைத்த பிறகு. அந்தக் கடைசித் தவணைதான் பலரைச் சாய்ப்பது. ஒலிக்கலவைக்கும் நிறச் சீரமைப்புக்கும் பணம் இன்றைக்கு வேண்டும், தவணையோ அவை முடிந்தால்தான் வரும். இடைவெளியை வங்கிக் கடனால் அடைப்பார்கள். அந்த வட்டியைத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் எழுதியிருக்க வேண்டும்.

நடுவில் பணம் தீர்ந்துபோனால் இன்னும் கொடுப்பார்களா?

பொதுவாக மாட்டார்கள். பட்ஜெட்டில் எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கச் சொல்வார்கள், 10 விழுக்காடு என்பது வழக்கமான அளவு. அதையும் தாண்டினால் தயாரிப்பாளர் பொறுப்பு. பட்ஜெட் பெரிதாக இருந்தால், படத்தை முடித்துத் தருவதாக உறுதி கொடுக்கும் உத்தரவாத நிறுவனத்தையும் உள்ளே கொண்டுவரச் சொல்வார்கள். நிலைமை கைமீறினால் தயாரிப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவும் அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு.

படம் நன்றாக ஓடினால் லாபம் யாருக்கு?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வரி போக வசூல் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையரங்கு பாதியை எடுத்துக்கொள்கிறது, மீதம் 50. விநியோகஸ்தருக்கு அதில் 30 விழுக்காடு கமிஷன், மீதம் 35. பிரதி, விளம்பரம் என்று அவர் முன்கூட்டியே செலவழித்த 25ஐக் கழித்துக்கொள்கிறார். மீதம் 10. முதலீட்டாளர்கள், நிதி நிறுவனம், தயாரிப்பாளர் எல்லோருக்கும் இந்தப் பத்துதான். நிறுவனம் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டிருந்து, யாரும் முந்தாமல் அவரவர் போட்ட விகிதத்தில் பிரித்துக்கொள்வதாக ஒப்பந்தம் இருந்தால் அதற்கு மூன்றும் கொஞ்சமும். எண்கள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், வரிசை பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது கேள்வியில் சொன்ன 'வசூலின் மீதான முன்பணம்' ஏன் பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். யாரும் ஏமாற்ற வேண்டியதே இல்லை, வரிசையின் நீளமே போதும். அதனால் ஒப்பந்தத்தில் தொகையைவிட வரிசையை உற்றுப் பாருங்கள்: தனியார் முதலீட்டாளர் நிறுவனத்துக்கு முன்னால் நிற்கிறாரா, பக்கத்திலா, தயாரிப்பாளருக்கு முதல் ரூபாயிலிருந்தே சிறு பங்கு உண்டா என்பதை. வசூலை நடுநிலையான கணக்குக் காப்பாளர் ஒருவர் வாங்கிப் பிரித்துத் தரும்படி ஏற்பாடு செய்வது எல்லோருக்கும் நல்லது.

கதையில் கை வைப்பார்களா?

யோசனை சொல்வார்கள். திரைக்கதையின் அடுத்த வடிவத்தைப் படிப்பார்கள், முதல்கட்டத் தொகுப்பைப் பார்ப்பார்கள், இரண்டாம் பாதி நீளம் என்பார்கள். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். இறுதித் தொகுப்பின் உரிமை வழக்கமாக அவர்களிடம் இருப்பதில்லை. ஆனால் ஒப்புக்கொண்ட திரைக்கதையிலிருந்து பெரிதாக விலகினாலும், இயக்குநரையோ முதன்மை நடிகரையோ மாற்றினாலும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அடுத்த தவணை நிற்கும்.

அரசை விமர்சிக்கும் படத்துக்கும் பணம் கிடைக்குமா?

கொள்கை அளவில் கிடைக்க வேண்டும். அமைச்சர் மொத்தத் தொகையையும் பொது நோக்கத்தையும் முடிவு செய்வார், எந்தப் படம் என்பதில் தலையிட மாட்டார் என்பதே இந்த அமைப்புகளின் அடிப்படை ஏற்பாடு. அந்த வேலி எப்போதும் நிற்பதில்லை. தென் கொரியாவில் அதிபர் பார்க் குன்ஹே ஆட்சியில் அரசுக்குப் பிடிக்காத கலைஞர்களின் கரும்பட்டியல் ஒன்று புழங்கியது. போங் ஜூன்ஹோ, பார்க் சான்வூக் போன்ற இயக்குநர்களின் பெயர்களும் அதில் இருந்தன. உதவிகளிலிருந்து அவ்வாறு விலக்கியதில் தனக்கும் பங்கு இருந்ததை கோஃபிக் 2018இல் ஒப்புக்கொண்டு பொதுவில் மன்னிப்புக் கேட்டது.

ஒரு நிறுவனத்தை எடைபோட நான் பார்ப்பது மூன்று: குழு உறுப்பினர்களின் பெயர்கள் வெளியிடப்படுகின்றனவா, தேர்வான படங்களும் தொகைகளும் பட்டியலாக வருகின்றனவா, தன் ஆள் விண்ணப்பித்திருந்தால் உறுப்பினர் வெளியேறுகிறாரா. சிறிய திரையுலகங்களில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். உறவை ஒழிக்க முடியாது, பதிவுசெய்ய முடியும்.

வேறு நாட்டுத் தயாரிப்பாளருடன் சேர்ந்தால் இரண்டு நாட்டிலும் வாங்கலாமா?

வாங்கலாம், இரு நாடுகளுக்கும் இடையே கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் இருந்து உங்கள் படம் அதன்படி அங்கீகரிக்கப்பட்டால். அப்போது படம் இரண்டு நாட்டிலும் உள்நாட்டுப் படமாகக் கருதப்படும். இந்தியாவுக்கு பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, கனடா உள்ளிட்ட பல நாடுகளுடன் இப்படி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் இதற்கென்றே யூரிமாஜ் என்ற நிதியை ஐரோப்பிய மன்றம் 1988இல் உருவாக்கியது.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு நாடும் தன் பணம் தன் மண்ணில் செலவாக வேண்டும் என்று கேட்கும். ஒளிப்பதிவாளர் ஓர் ஊர், ஒலிக்கலவை இன்னோர் ஊர், இரண்டு வழக்கறிஞர்கள், இரண்டு கணக்குத் தணிக்கைகள், நாணய மாற்று இழப்பு. சிறிய படத்துக்கு இரண்டாம் நாட்டிலிருந்து கிடைக்கும் தொகையை இந்தச் செலவே தின்றுவிடலாம். கதைக்கே அந்த நாடு தேவை என்றால் போங்கள். பணத்துக்காகக் கதாநாயகனை விமானம் ஏற்றினால் படத்தில் தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் வரிச் சலுகை கொடுத்துவிட்டால் போதாதா? குழு எதற்கு?

இதைக் கனடா செய்து பார்த்தது. 1974இல் உள்நாட்டுப் படத்தில் போட்ட முதலீடு முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்தது. ஆஸ்திரேலியா 1981இல் இன்னும் ஒரு படி மேலே போய், போட்டதில் 150 விழுக்காட்டைக் கழிக்க விட்டது. படங்கள் குவிந்தன. பல் மருத்துவரும் வழக்கறிஞரும் முதலீட்டாளர்கள் ஆனார்கள். படம் வெளியாவதற்கு முன்பே வரியில் லாபம் கிடைத்துவிட்டதால், வெளியாகுமா என்று பலர் கவலைப்படவே இல்லை. ஆஸ்திரேலியா சலுகையைப் படிப்படியாகக் குறைத்து, 1988இல் திரைப்பட நிதிக் கழகம் ஒன்றை அமைத்தது.

இன்றைக்கு இருக்கும் சலுகைகள் பெரும்பாலும் அந்த நாட்டில் உண்மையிலேயே செலவழித்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தருபவை. இந்தியா 2023இல் வெளிநாட்டுப் படங்களுக்கும் அதிகாரபூர்வக் கூட்டுத் தயாரிப்புகளுக்கும் இதை 40 விழுக்காடாகவும் உச்சவரம்பை 30 கோடி ரூபாயாகவும் உயர்த்தியது. இத்தகைய சலுகை வேலைவாய்ப்பைக் கொண்டுவரும், கலைஞர்களைப் பழக்கும். எந்தக் கதை சொல்லப்பட வேண்டும் என்று அது கேட்பதில்லை. டென்மார்க்கின் சட்டம் திரைப்பட உதவியில் குறைந்தது கால் பங்கைச் சிறார் படங்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. வரிச் சலுகையை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கால் பங்கு தானாக வந்துவிடாது.

யாரும் பார்க்காத படங்களுக்கு ஏன் பணத்தை வீணாக்க வேண்டும்?

கோபமான கேள்வி, ஆனால் நியாயமானது. சில படங்களை உண்மையிலேயே யாரும் பார்ப்பதில்லை, சில பார்க்கத் தகுந்தவையும் அல்ல. அதற்கு ஒரு காரணம், தயாரிப்புக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் வெளியீட்டுக்குக் கொஞ்சமாகத்தான் கொடுக்கின்றன. படத்தை எடுக்க வைத்துவிட்டு, விளம்பரத்துக்கும் திரைக்கும் வழி செய்யாமல் விட்டால் பார்வையாளர் எப்படி வருவார்? இந்தியாவில் இந்தக் குறை பல பத்தாண்டுகளாகப் பேசப்படுவது. பேச்சு தீர்ந்தபாடில்லை.

நிராகரித்துவிட்டார்கள். மறுபடி அனுப்பலாமா?

பல இடங்களில் ஒரே திட்டத்தை இன்னொரு முறை அனுப்ப விடுவார்கள், கணிசமாக மாறியிருந்தால். என்ன மாறியது என்று ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். வாசகர் அறிக்கை கிடைக்குமா என்று கேளுங்கள், சில நிறுவனங்கள் தருகின்றன. அறிக்கையோடு சண்டை போட வேண்டாம். ஒருவர் சொன்னது ரசனையாக இருக்கலாம், வெவ்வேறு ஆட்கள் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால் அந்த இடத்தில் கல் இருக்கிறது.

ஆட்சி மாறினால் நிறுவனத்தையே மூடிவிடுவார்களா?

நடந்திருக்கிறது. அயர்லாந்து தன் திரைப்பட வாரியத்தை 1987இல் மூடி, 1993இல் மீண்டும் திறந்தது. பிரிட்டனில் யு.கே. ஃபிலிம் கவுன்சிலை மூடுவதாக 2010இல் அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு அதன் பொறுப்புகள் பி.எஃப்.ஐ.க்குப் போயின. இந்தியாவில் 2022இல் ஃபிலிம்ஸ் டிவிஷன், திரைப்பட விழாக்கள் இயக்குநரகம், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், சிறார் திரைப்படச் சங்கம் ஆகிய நான்கையும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைத்தார்கள். கையெழுத்தான ஒப்பந்தங்கள் பொதுவாக வாரிசு அமைப்புக்கு மாறும். ஒப்பந்தமாகாமல் வெறும் கடிதத்தோடு நிற்பவர்களுக்குத்தான் ஆபத்து.

யாரிடமும் கேட்காமல் பாதிப் படம் எடுத்துவிட்டேன். இப்போது உதவி கிடைக்குமா?

தயாரிப்பு நிதிக்கு வாய்ப்புக் குறைவு, ஏழாவது கேள்வியில் சொன்ன காரணத்தால். ஆனால் பல நிறுவனங்களில் படத்தை முடிப்பதற்கென்று தனி உதவி இருக்கிறது. பிரான்சின் முன்பண முறையிலேயே எடுத்து முடித்த படத்துக்கு விண்ணப்பிக்கும் பிரிவு ஒன்று உண்டு. நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் தன் முதல் முழுநீளப் படத்தை வார இறுதிகளில் நண்பர்களோடு ஆண்டுக்கணக்கில் எடுத்துவந்தார், முடிக்கும் கட்டத்தில் அந்நாட்டுத் திரைப்பட ஆணையம் பணம் கொடுத்தது.

விண்ணப்பிக்கும்போது எடுத்த காட்சிகளை முதல்கட்டத் தொகுப்பாக, தற்காலிக ஒலியோடு அனுப்புங்கள். மீதிச் செலவுக்குத் தனி பட்ஜெட் போடுங்கள். நடித்தவர்கள், வேலை செய்தவர்கள் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டீர்களா என்று அதற்கு முன் பாருங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தத் தாள்களைத்தான்.